தலையில் வைக்கக்கூடாத தொப்பி

பெட்டியைத் திறந்ததும் ஆர்ச்சி கையை நீட்டினார். கூட வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லியோனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதய்யா. பூச்சி அரிக்காம இருக்க ஏதோ விஷம் பூசி வச்சிருக்காங்களாம். தலையில வைக்கவே கூடாதாம்."

"யாரு பூசுனா?"

"மியூசியத்துக்காரங்கதான். வேற யாரு, நானா பூசுனேன்?"

ஸ்ப்ரூஸ் மரத்து வேரைக் கீறி, சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி நெருக்கிப் பின்னிய தொப்பி. முகப்பில் குலத்துச் சின்னமான தவளை. உச்சியில் நாலு வளையம்; குலத்தார் ஊரைக் கூட்டி வாரிக் கொடுத்த நாலு விருந்துக்கு நாலு. எண்பது வருஷம் அதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தவர்கள், பதினொரு வருஷமாகக் கடிதம் போட்டுக் கேட்ட மனுஷனிடம் ஒரு தடவையாவது விஷம் என்று மூச்சு விட்டார்களா? கொடுக்கும்போதுதான் வாய் திறந்தார்கள். நல்லா இருப்பார்களா அவர்கள்!

அக்டோபரில் ஆர்ச்சியின் அண்ணனுக்கு ஆண்டு நினைவு விருந்து. தவளை வீட்டுக்கு இப்போது அவர்தான் தலைவர். அந்தத் தொப்பியோடு அண்ணனுக்காக நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஆனால் தானே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் சனத்தில் காக்கை, கழுகு என்று இரண்டு பக்கம்; தவளை வீடு காக்கைப் பக்கம். காக்கைப் பக்கத்தாருக்குக் கழுகுப் பக்கத்தார்தான் வைக்க வேண்டும். லியோனா கழுகு.

"ஒரே ஒரு தடவைடி. உள்ள துணி வச்சுக்கறேன்."

"துணியப் பாத்ததும் விஷம் மரியாதையா வெளியவே நின்னுடுமாக்கும்."

"எழுபத்தாறு வயசாச்சு. அது என்னைப் பிடிக்கிறதுக்குள்ள நானே போயிடுவேன்."

"ஏற்கனவே கிட்னி பாதிதான் வேலை செய்யுது. என் கையால நடக்காது."

அவர் விடவில்லை. லியோனாவின் தம்பி ஃபெலிக்ஸிடம் போய்க் கேட்டார். அவனும் கழுகுதானே. ஃபெலிக்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "மன்னிச்சுக்கோங்க மச்சான்," என்றான். "அவ வேண்டாங்கறா. அவளைப் பகைச்சுக்கிட்டு நான் இந்தத் தீவுல இருக்க முடியாது."

விருந்தன்று தொப்பியை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். ஆர்ச்சி பக்கத்தில் நின்றார். குலத்துப் பாட்டு எழுந்தபோது, அவர் தன்னை அறியாமல் கழுகுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். யாரும் எழுந்து வரவில்லை. லியோனா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நிமிர்ந்துகொண்டு மற்றவர்களோடு பாடினார்.

வீட்டுக்கு வந்து, "வெறுந்தலையோட நின்னேன்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பிப்ரவரியில் படகின் மேலிருந்த பனியைத் தள்ளப் போனவர் அங்கேயே விழுந்தார். மாரடைப்பு என்றார்கள். விஷமும் இல்லை, கிட்னியும் இல்லை. யாருக்காக, எதற்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்தோம் என்று லியோனா இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முறைப்படி கழுகுக்காரர்கள்தான் உடலைக் குளிப்பாட்டி உடுத்தினார்கள். குலத்துப் பொருள்களைச் சுற்றி வைப்பதற்காக ஆர்ச்சியின் அக்கா மகன் டேரில் எல்லாவற்றையும் கொண்டுவந்தான். இனி அவை அவன் பொறுப்பு. கையுறை போட்ட கையால் தொப்பியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

லியோனா எழுந்து போய் அதை எடுத்தாள்.

"அத்தை, அதைத் தொடாதீங்க."

"சும்மா இருடா."

ஃபெலிக்ஸிடம் தலையைத் தூக்கச் சொன்னாள். அவன் கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். அவள் இரண்டு கையாலும் தொப்பியை வைத்து, புருவத்துக்கு மேலே தவளை நேராக நிற்கும்படி திருத்தினாள்.

"இந்தாய்யா, போட்டுக்கோ. இனிமே உன்னை ஒண்ணும் பண்ணாது."

டேரில் தன் பக்கத்தாரைப் பார்த்தான். ஒரு கிழவர் பாட்டை எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஃபெலிக்ஸ் கை வலித்தாலும் தலையைக் கீழே விடவில்லை.

தொப்பி குலத்துச் சொத்து. மண்ணுக்குள் போகக் கூடாது. பாட்டு முடிந்ததும் அவளே அதைக் கழற்றி டேரிலிடம் கொடுத்தாள்.