நாலும் நாலு இனம்

...இதில் எதைத் துரும்புச் சீட்டு என்று வைப்பது, கையில் நாலு சீட்டு, நாலும் நாலு இனம், இஸ்பேட் ஒன்று, ஆட்டின் ஒன்று, டைமன் ஒன்று, கிளாவர் ஒன்று, என்ன அழகான கை! இத்தனை புள்ளி எடுப்போம் என்று முதலில் கேட்கவேண்டியவள் நான், கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் எல்லாருக்கும் மீதிச் சீட்டு வரும், லாங் ஐலண்ட் போட் இன்னும் வரவில்லை, அந்தமான் மாயாபந்தர் ஜெட்டிக் காற்று சீட்டைப் பிடுங்குகிறது, எதிரணி நீலாவதி "அரே அக்கா, ஜல்தி சொல்லுங்க, போட் வந்துரும்" என்று பறக்கிறாள், அவள் புருஷன் நாகலிங்கம் கொட்டாவி விடுகிறார். வந்தால் வரட்டுமே. கச்சால் தீவில் இருந்தபோது இந்தக் கைக்கெல்லாம் நான் யோசித்ததே இல்லை... ரப்பர் பால் எடுத்து முடித்த மத்தியானங்களில் தோட்டத்து லய வீட்டு வாசலில் சாக்கை விரித்து, எதிரே என் ராக்கப்பன், சீட்டைச் சரியாகப் பார்க்காமலே "பார்ட்னர்" என்பேன், கேட்கும் பொறுப்பு அவருக்குப் போய்விடும், அதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி வாங்கிக்கொள்வார், அவர் கையில் இந்த ஆட்டத்தின் பெரிய சீட்டுகளான ஜாக்கியும் ஒன்பதும் இருக்கும், எப்படித்தான் இருக்குமோ, ஜெயித்துவிட்டு எவ்வளவு சிரிப்போம்... சுனாமிக் காலையில் கடல் அவரைக் கொண்டுபோன பிறகு இன்றுவரை நான் சீட்டைத் தொடவில்லை. அந்தச் சிரிப்புக்கு இன்றும் ஏங்குகிறேன், சொன்னால் என்ன.

இப்போது எதிரே முருகையா. நிவாரண முகாமில் பெரியவர்கள் சேர்த்துவைத்த இரண்டாவது புருஷன், அவருடைய வசந்தகுமாரியும் அதே காலையில்தான் போனாள், வருஷக்கணக்காக ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறோம், ஒருநாளாவது அவரிடம் இதைச் செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறேனா? மூட்டை எவ்வளவு கனத்தாலும் நானேதான் தூக்குவேன்... கேட்டு, முடியாது என்றுவிட்டால்? சீட்டில் அதற்கும் வழி உண்டு, பார்ட்னருக்குக் கை சரியில்லை என்றால் "கலை" என்று சொல்லிவிடலாம், கலைத்து மறுபடி போடுவார்கள், யாருக்கும் வருத்தமில்லை. ஆனாலும் பார்ட்னர் என்ற சொல் ராக்கப்பனுடையது, இன்னொருவரைப் பார்த்து வாயில் வருமா, பேசாமல் ஏதாவது ஒன்றைக் கவிழ்த்துத் தோற்றுத் தொலைக்கலாமா...

"பார்ட்னர்."

சொல்லிவிட்டேன். முருகையா என்னை நிமிர்ந்து பார்த்தார், தன் சீட்டைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், "சரி, நான் கேக்குறேன்" என்று ஒன்றை உருவிக் கவிழ்த்தார். அப்பாடா! நல்ல கைதான் போலிருக்கிறது, இல்லாவிட்டால் கலைத்திருப்பாரே...

தோற்றோம். மண்ணைக் கவ்வினோம் என்றே சொல்லலாம். கவிழ்த்ததைத் திருப்பினால் ஆட்டின் எட்டு, ஒரு புள்ளிக்கும் பெறாத சீட்டு, அவர் இறக்கியதெல்லாம் ஏழும் எட்டும். நீலாவதி விழுந்து விழுந்து சிரித்தாள், "க்யா அண்ணே, இந்தக் கைய வச்சா கேட்டீங்க? கலைன்னு சொல்லியிருக்கலாம்ல?" அவர் சீட்டை அடுக்கியபடியே, "அமிர்தம் மொத தடவயா ஒன்னு கேட்டுச்சு, எப்படிக் கலைக்கிறது" என்றார், என்னைப் பார்க்காமல். ஒன்றுமே இல்லாமலா சரி என்றார்... அப்படியானால் முகாமில், வசந்தகுமாரி போய் ஒரு வருஷம்கூட ஆகாமல், பெரியவர்கள் என்னைக் காட்டிக் கேட்டதும் சட்டென்று சரி என்றாரே, கல் மனசுக்காரர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்... அன்றைக்கு இவர் கையில் என்ன இருந்தது?