பௌசியாவின் வலக்கை

ஜும்மாவுக்குப் போடும் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் முகமது இஸ்மாயிலுக்கு ஆகாது. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது, காலர் விறைப்பாக நிற்க வேண்டும். ஒண்டிக்கடை என்கிற முக்கில் குடையும் கம்பளியும் விற்கிற அண்ணன் தம்பி இருவரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு நடந்தால், ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள் என்று கடைவீதி நின்று பார்க்க வேண்டும். அவர்களுடைய அத்தா இருந்தபோது ஏற்பட்ட வழக்கம் அது. அண்ணன் அப்துல் மஜீத் அதை விட்டுக் கொடுத்ததில்லை. தம்பியும் அண்ணன் வழிதான்.

ஆனால் ஐப்பசி மாதத்தில் ஏற்காட்டில் சட்டை எங்கே காயும்? மேகம் வாசல் வழியாக நுழைந்து சன்னல் வழியாகப் போகிற காலம். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் சொதசொதவென்று தொங்கும். அதனால் எல்லா வீட்டுப் பெண்களும் செய்வதைத்தான் இஸ்மாயிலின் மனைவி ஜைனப்பும் செய்வாள். இரும்புச் சட்டியில் கரி நெருப்பை அள்ளிக் கூடத்து மூலையில் வைப்பாள். அதன்மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் துணிகளைக் கூடைமேல் பரப்புவாள். கூடை கவிழ்ந்திருக்கும் வரை அந்த நெருப்பு யாரையும் ஒன்றும் செய்யாது.

எழுபத்து இரண்டாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜைனப் பின்கட்டில் தண்ணீர் பிடித்துக் கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பத்து மாதக் குழந்தை பௌசியா பாயில் தூங்கிக் கொண்டிருந்தாள். இஸ்மாயில் குழந்தையின் துணிகளை ஒதுக்கிவிட்டுத் தன் சட்டையைக் கூடைமேல் பரப்பினான். சட்டையின் உடம்புப் பகுதியெல்லாம் காய்ந்துவிட்டது, காலர் மட்டும் காயவில்லை. பொறுமை போய்விட்டது. கூடையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, காலரை நேராக நெருப்புக்கு மேலே பிடித்தான்.

"இஸ்மாயிலு! பாங்கு சொல்லியாச்சு, இன்னும் என்னடா சிங்காரம்?" என்று தெருவிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். கூடை சுவரோரமே இருந்தது.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்துக் கடை ராஜேந்திரன் பள்ளிவாசல் வாசலில் குடையைக்கூடப் பிடிக்காமல் நனைந்துகொண்டு நின்றார்.

"ஏனுங்க இஸ்மாயிலு, பதறாம வாங்க. பாப்பா நெருப்புச் சட்டில கை வெச்சிருச்சுங்க. ஆஸ்பத்திரில கட்டுப் போடறாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க."

ஓடினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜைனப் சுவரில் தலையை முட்டிக் கொண்டிருந்தாள். முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை, மூச்சு வாங்க நின்று நின்று வந்தது.

"கூடை சுவத்தோரம் கெடந்துச்சுங்க, நான் சரியா மூடலைங்க. மூடினேன்னுதான் நெனச்சேனுங்க. தண்ணி புடிக்கற அவசரத்துல உட்டுட்டேனுங்க. எம் பிள்ளை கையை நானே சுட்டுட்டேனுங்க."

இஸ்மாயில் வாயைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் அண்ணன், ராஜேந்திரன், கடைவீதி ஆட்கள் பாதிப்பேர். அண்ணன்தான் முதலில் பேசினார்.

"நம்ம ஊட்டுல இதுவரைக்கும் இப்படி ஒண்ணு நடந்ததில்லை. ஊட்டுல இருக்கற பொம்பளைக்கு இதைக்கூடப் பாக்கத் தெரியலைன்னா என்ன சொல்றது?"

இஸ்மாயில் வாயை மூடிக்கொண்டான்.

அன்று ராத்திரி சொல்லிவிடலாம் என்று நினைத்தான். குழந்தை தூங்கவில்லை, சொல்லவில்லை. மறுநாள் சொல்ல நினைத்தான். காலையில் ஜைனப் அவன் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொண்டிருந்தாள். அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? முதல் நாள் ஒரு வாக்கியமாக இருந்தது ஒரு வாரத்தில் மலையாகிவிட்டது. ஒரு தப்புக்கு மேல் இன்னொரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எட்டாம் நாள் கட்டை அவிழ்த்த நர்ஸ் மரியசெல்வி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புண்ணு ஆறிடுமுங்க. அது பயமில்லை. ஆனா ஆறும்போது தோலு இறுகும். இறுகிச்சுன்னா விரலு மடங்கினபடியே நின்னுக்கும். பொறவு சோறு உருட்ட வராது, எழுத வராது. ஒரு நாளைக்கு நாலு தடவை எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலா நீட்டிப் புடிக்கோணும், பத்து எண்ணற வரைக்கும். பாப்பா கத்தி அழுகும். நொம்ப அழுகும். அதைப் பாத்து உட்டுட்டீங்கன்னா அவ்வளவுதான், கையி போச்சு."

"நான் புடிக்கறேனுங்க" என்றாள் ஜைனப்.

அவள் பிடித்தாள். காலையில், பதினோரு மணிக்கு, மத்தியானம், சாயங்காலம் ஆறு மணிக்கு. அந்த நேரங்களில் இஸ்மாயில் கடையில் இருந்தான். இருக்கும்படி பார்த்துக்கொண்டான். ஒருநாள் சாப்பாட்டுக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டான். தெருமுனையிலேயே அந்த அழுகை கேட்டது. வீட்டுக்குள் போகாமல் திரும்பி நடந்து, மழையில் ஏரிக்கரை வரை போய்விட்டு, அழுகை ஓய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வந்தான்.

குழந்தைக்கு என்ன தெரியும்? அம்மா வந்தால் கை வலிக்கும், அத்தா வந்தால் பிஸ்கட் வரும். அவ்வளவுதான் தெரியும். பத்து நாளில் ஜைனப் கிட்டே வந்தாலே பௌசியா வலக்கையை அக்குளுக்குள் சொருகிக்கொள்ள ஆரம்பித்தாள். பால் குடிக்கும்போதுகூட அந்தக் கையை வெளியே எடுப்பதில்லை. ஒரு கண்ணால் தாயைக் கண்காணித்துக்கொண்டே குடித்தாள். குடித்து முடித்ததும் உருண்டு, புரண்டு, முழங்கையை ஊன்றித் தவழ்ந்து, அத்தாவின் மடியில் வந்து ஏறிக்கொள்வாள்.

"நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள் ஜைனப் ஒருநாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னாள். இஸ்மாயில் குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டான், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

இருபத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஜைனப்பின் அண்ணன் அப்துல் காதர் காலை பஸ்ஸில் சேலத்திலிருந்து வந்து இறங்கினார். ஈரக்குடையை மூலையில் சாத்தினார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. எதிரே நாற்காலியில் அப்துல் மஜீத். இஸ்மாயில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தான். ஜைனப், கணவனின் அண்ணன் எதிரில் வரும் வழக்கமில்லாததால், உள்கட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"சம்மந்தக்காரவங்களே, ஒண்ணு கேக்கோணும்" என்றார் காதர். "எங்க ஊட்டுப் பொண்ணுக்குப் பிள்ளை வளக்கத் தெரியலைன்னு சேலத்துல ஒரு கல்யாண ஊட்டுல பேச்சு அடிபட்டுதுங்க. பேசினது யாருன்னும் சொன்னாங்க."

"நான்தான் பேசினேன்" என்றார் மஜீத். மறைக்கிற ஆள் இல்லை அவர். "கேட்டாங்க, சொன்னேன். இல்லாததைச் சொல்லலை."

"சரிங்க. அப்படியாப்பட்டவ உங்க ஊட்டுல எதுக்குங்க? பொண்ணையும் பிள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க, நாலு மாசம் இருந்து பக்குவம் கத்துக்கிட்டு வரட்டும். பிள்ளை எங்க ஊட்டுப் பிள்ளை. இங்கதான் இருக்கும். தாயைக் கண்டாலே அது அலறுது, தெருவே கேக்குது. என் ஊட்டுக்காரி பாத்துக்குவா."

"பால் குடிக்கற பிள்ளைங்க அது!"

"பசும்பால் இல்லையா ஊருல?"

காதர் எழுந்தார். மஜீத்தும் எழுந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஜைனப்பின் குரல் வந்தது.

"அண்ணே, சண்டை வேண்டாமுங்க. பெரியவங்க சொல்றது சரிதான். என்னைக் கண்டா அது பயப்படுது. தூக்கத்துல கூட கையை ஒளிச்சுக்குது. நான் வந்துர்றேன். பிள்ளையோட பெரியம்மாவை நர்ஸம்மாகிட்டக் கேட்டு விரலை மட்டும் நீட்டி உடச் சொல்லுங்க. ஒருநாள்கூட உடக் கூடாதுன்னு சொல்லுங்க."

பெட்டியின் தாழ் திறக்கிற சத்தம் கேட்டது. துணி எடுத்து வைக்கிறாள்.

பௌசியா அத்தாவின் விரலைப் பிடித்துக் கடித்து விளையாடிக் கொண்டிருந்தாள்.

"கூடையை எடுத்தது நான்" என்றான் இஸ்மாயில்.

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். உள்ளே துணி எடுக்கிற சத்தம் நின்றது.

"இஸ்மாயிலு, உள்ள போ" என்றார் மஜீத், தாழ்ந்த குரலில். "வெளியாளுங்க முன்னாடி என்ன பேச்சு இது? அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் அப்புறம்னு இருபத்தி மூணு நாளாச்சு அண்ணே. ஜைனப்பு கூடையைச் சரியாத்தான் மூடியிருந்தா. என் சட்டைக் காலர் காயலை. கூடையைத் தூக்கி வெச்சிட்டு நெருப்புல புடிச்சுக் காட்டினேன். நீங்க கூப்பிட்டீங்க. திருப்பி மூடாம வந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயி நின்னப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும்..."

"தெரிஞ்சும் சொல்லலை. கடைவீதியே நின்னுது. வெக்கமா இருந்துச்சு."

காதர் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்லாத்தான் கஞ்சி போட்டிருக்கீங்க மாப்ளே சட்டைக்கு. முதுகுக்கும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

அவ்வளவும் அவனுக்குச் சேர வேண்டியதுதான்.

மஜீத்தின் வயசுக்கு, அவர் நின்ற இடத்துக்கு, யாரிடமும் தலை தாழ்த்திப் பழக்கமில்லை. பிறகு திரைச்சீலைக்கு முன்னால் போய், அதைத் தொடாமல், தள்ளி நின்றார்.

"அம்மா, உன் மேல நான் சொன்னது தப்பு. அந்தக் கல்யாண ஊட்டுல யார் யார்கிட்டச் சொன்னனோ, அவங்கவங்க ஊட்டுக்கு நானே போயி மாத்திச் சொல்லிட்டு வர்றேன். நாளைக்கே சேலம் போறேன். இந்த ஊட்டு மானம் உன்னால போகலை."

திரை விலகியது. ஜைனப் வெளியே வந்தாள். கணவனின் அண்ணன் எதிரில் அவள் வந்து நின்றது அந்த எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மஜீத் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அவரையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை.

"சுவத்துல தலையை முட்டிக்கிட்டேன். பாத்துட்டுத்தானே நின்னீங்க?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவை விரலை நீட்டும்போதும், நான் செஞ்சதுக்கு நான்தான் அனுபவிக்கோணும்னு நெனச்சுக்குவேன். அது என்னைப் பாத்து அழுகறதும் எனக்குக் கெடச்ச தண்டனைன்னு நெனச்சேன். அதுவுமா என்னுது இல்லை?"

"இல்லை."

அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. உள்ளே போனாள். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அவன் முன்னால் தரையில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"பதினோரு மணியாச்சு. புடிங்க."

"எனக்குத் தெரியாதே..."

"எனக்கு மட்டும் பொறந்தப்பவே தெரியுமா? பெருவிரல்ல இருந்து ஆரம்பிங்க."

கூடத்தின் எதிர்ச்சுவரில் சாய்ந்து, காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இஸ்மாயில் எண்ணெயைத் தொட்டான். குழந்தையின் வலக்கையை எடுத்தான். அத்தாவிடம் அவள் அதை ஒளிப்பதில்லை, தயங்காமல் கொடுத்தாள். உள்ளங்கை முழுக்கப் புதுத்தோல், செக்கச்செவேலென்று, பட்டுத்துணியைக் கசக்கி வைத்ததுபோல. அதை இதுவரை அவன் நேராகப் பார்த்ததே இல்லை. பெருவிரலை நீட்டினான். பௌசியா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினான். சிரிப்பு நின்றது. நடுவிரலுக்கு வந்தபோது அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். நீயுமா என்று கேட்கத் தெரியாத வயசு. அப்புறம் அலறினாள்.

அவன் பிடி தளர்ந்தது.

"உடாதீங்க" என்றாள் ஜைனப். "நான் எண்ணறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. கையை நடுங்கவிடாதீங்க, நடுங்கினா இன்னும் வலிக்கும். நாலு."

ஐந்து விரல்களும் முடிந்தபோது அவன் சட்டை முதுகில் நனைந்திருந்தது. காதர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கையை விட்டதும் பௌசியா அவன் மடியை உதைத்துத் தள்ளினாள். அவன் தூக்கப் போனான், முகத்தில் அடித்தாள். விம்மிக்கொண்டே கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள். சன்னலோரம் பெரியப்பா. வாசலில் மாமா. எதிர்ச்சுவரில், தன்னைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருத்தி.

குழந்தை தவழ்ந்தது. ஒரு முழம் போய் நின்று பார்த்தது. மறுபடி தவழ்ந்தது. ஜைனப் அசையவில்லை, அசைந்தால் பயந்து நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள். பௌசியா அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து, இரண்டு கையையும் நீட்டினாள். சிவந்த கையையும் சேர்த்து.

"வா சாமி" என்றாள் ஜைனப். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "வா கண்ணு. அம்மாகிட்ட வா. அத்தா கெட்டவங்க. ஆமாம், நொம்பக் கெட்டவங்க."

இஸ்மாயில் எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். குழந்தை அவனைத் திரும்பிப் பார்த்து, தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நெஞ்சு அறுந்தது அவனுக்கு. ஆனாலும் இருபத்து மூன்று நாளில் அன்றுதான் அவனால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடிந்தது.

காதர் குடையை எடுத்துக்கொண்டார். "பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு நான் மட்டும் கிளம்பறேன் ஜைனப்பு."

"சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போங்க அண்ணே" என்றாள் அவள். பிறகு, கணவன் பக்கம் திரும்பாமலே, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"மத்தியானம் புடிச்சிட்டுக் கடைக்குப் போங்க, அஞ்சரைக்கே சாத்திட்டு வந்துருங்க. ஆறு மணிக்கு இன்னொரு தடவை இருக்குது. நாளைக்கும் நீங்கதான்."