கழிப்பறைக் காலண்டர்

முப்பத்தெட்டு வருஷமாக என் புருஷன் ஹார்மனுக்கு விடுமுறை என்றால் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற கேரவன் வீடுதான். அதே வண்டி, அதே முகாம், அதே மழை. இந்த ஜூலையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, "இந்த வருஷம் உட்ரெக்ட் போவோம் யெல்ட்யே. கால்வாய் ஓரமா நடப்போம்" என்றான். அப்போதே எனக்குச் சந்தேகம். ஸ்னேக் ஊர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே கால்வாய் ஓடுகிறது. அதைப் பார்க்க யாராவது இரண்டு மணி நேரம் ரயிலில் போவார்களா?

"நீ அங்க போயிருக்கியா?"

"ரயில் மாறியிருக்கேன். ஊருக்குள்ள கால் வச்சதில்ல."

நானும் நம்பினேன். பொய் சொல்லும் அளவுக்குச் சாமர்த்தியம் உள்ள ஆள் இல்லை அவன். எங்கள் வீட்டுக் கழிப்பறையிலும், எங்கள் நாட்டில் எல்லார் வீட்டையும் போல, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகப் பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. கிழமை, வருஷம் எதுவும் இல்லாதது, ஆயுசுக்கும் ஒன்றே போதும். வேண்டியவர்களின் பிறந்தநாள் தவிர அதில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். என் புருஷன் மட்டும் மார்ச் ஒன்பதில் 'பாய்லர் சர்வீஸ்' என்று எழுதி வைத்திருக்கிறான். வீட்டைச் சூடேற்றும் பாய்லரைப் பார்க்க ஆள் வருவது அக்டோபரில். "ஏன்யா, பாய்லருக்குக் கேக் வெட்டப் போறியா?" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஹார்மனின் பந்தயப் புறாக்களுக்குத் தீனி போடச் சொல்லி அடுத்த வீட்டு கிரீத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டு, விடுமுறையின் முதல் நாள் காலையிலேயே ரயில் ஏறினோம்.

உட்ரெக்டில் இறங்கியதும் ஹார்மன் போனை எடுக்கவில்லை, வரைபடம் பார்க்கவில்லை. ஸ்னேக்கில் புதுக் கடை திறந்தால் மூன்று தடவை வழி தவறுகிறவன், இங்கே இடது, வலது, பாலம், மறுபடி இடது என்று விறுவிறுவென்று நடந்தான்.

"வழி எப்படித் தெரியுது?"

"போர்டு பார்த்தேன்ல."

போர்டே இல்லை. நான் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தெருவிலிருந்து தண்ணீரை ஒட்டிய கீழ்க்கரைக்குப் படி இறங்குகிறது. படிகளுக்கு மேலே தாழ்வான ஒரு கல் வளைவு. ஹார்மன் ஆறரை அடி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நிலையில் முட்டுவது அவன் நெற்றிதான். இங்கே என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தவன், வளைவுக்கு இரண்டு படி முன்னாலேயே குனிந்தான். நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. பல தடவை இடித்துக்கொண்டவன்தான் அப்படிக் குனிய முடியும்.

கீழே காபிக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிற பெண் வந்து பால் இல்லாத காபியையும் கிரீம் இல்லாத ஆப்பிள் கேக்கையும் ஹார்மன் முன்னால் வைத்துவிட்டு, என்னிடம் மட்டும், "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

ஹார்மனின் காது சிவந்தது.

"கிழவங்க எல்லாருக்கும் கேக்காமலே இதுதானா?" என்றேன்.

"இருக்கும்" என்றான், கேக்கைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்குப் புறா நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஸ்வாலே ஊரில் புறா வளர்ப்போர் சங்கக் கூட்டம் என்று கிளம்பிவிடுவான். பல வருஷமாக. இவ்வளவு கூட்டம் போட்டும் இவன் புறா ஒன்றுகூட ஒழுங்காக வீடு திரும்பியதில்லையே என்று நான் ஒருநாளாவது யோசித்தேனா? கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில் தனியாக ஊர் திரும்ப வேண்டியிருக்குமோ என்ற பயம். நாலு மணிக்கு ஒரு ரயில், ஐந்துக்கு ஒன்று என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

போகிற வழியில் சூரியகாந்திப் பூ வாங்கினான். எனக்குக் கடைசியாக அவன் பூ வாங்கியது பித்தப்பையை எடுத்தபோது.

"யாருக்கு?"

"தங்கப் போற வீட்டம்மாவுக்கு."

"காசு குடுத்துத் தங்கற வீட்டுக்குப் பூ எதுக்கு?"

அவன் வேகமாக நடந்தான். கால்வாயின் வளைவில் ஒரு நீலக் கதவு. வீட்டு எண்ணைப் பார்க்காமலே மணியை அடித்தான். நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். நல்ல உயரம், காலில் வெறும் சாக்ஸ். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"கடைசியில வந்துட்டீங்க. நான் யோலாண்டா" என்றாள்.

ஹார்மன் மழைக்கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பின்னாலிருந்த கொக்கியில் திரும்பிப் பார்க்காமலே மாட்டினான். போதும், இனி எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

"பாத்ரூம் எங்க?" என்றேன். அழுவதற்கு எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. வழி காட்ட ஹார்மனின் கை எழுந்து, பாதியில் இறங்கியது.

"மாடிப்படிக்குக் கீழ" என்றாள் அவள்.

தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேராகக் காலண்டர். ஜூலை பத்தொன்பதில் 'ஹார்மன்'. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் நெஞ்சில் குத்தியது. வெறி பிடித்து மற்ற மாதங்களைப் புரட்டினேன். ஏப்ரலில் என் மகன் டீர்க். ஆகஸ்டில் என் மகள் நீன்கே. போன வருஷம் பிறந்த பேத்திகூட இருந்தாள். நவம்பர் மூன்று: 'யெல்ட்யே'. மை மங்கிப் போயிருந்தது. நேற்று எழுதியது இல்லை.

புருஷனைப் பறிக்கிறவள் பெண்டாட்டியின் பிறந்தநாளை எழுதி வைப்பாளா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அழக்கூட மறந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது இருவரும் நடையிலேயே நின்றிருந்தார்கள். பூ இன்னும் ஹார்மன் கையிலேயே இருந்தது.

"என் பேரு எத்தன வருஷமா அங்க இருக்கு?"

"பதினோரு வருஷமா" என்றாள் யோலாண்டா. "நான் அப்பாவத் தேடிக் கண்டுபிடிச்சதுல இருந்து."

அப்பா! நான் ஹார்மனைப் பார்த்தேன்.

"பட்டாளத்துல இருந்தப்ப, யெல்ட்யே. உன்னப் பாக்கறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. இவ அம்மா சொல்லவே இல்ல. இவ லெட்டர் போட்டப்பதான் எனக்கே தெரியும்."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... காலையில இருந்து சொல்லத்தான் பாக்கறேன். வாய் வரல."

யோலாண்டா அவன் பக்கம் திரும்பினாள். "இவங்களுக்கு எல்லாம் தெரியும்னீங்களே அப்பா? இவங்களுக்குத்தான் என்னைப் பார்க்க இஷ்டமில்லன்னு சொன்னீங்களே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினோரு வருஷமாக இந்தப் பெண்ணின் வீட்டில் நான் கல்நெஞ்சக்காரியாக இருந்திருக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டும் என் பேரை அழிக்காமல் வைத்திருக்கிறாள். இவனை அங்கேயே கால்வாயில் தள்ளலாம் போல இருந்தது. அவள் பக்கம் திரும்பினேன். தன் பிறந்தநாளைத் தன் காலண்டரில் யாரும் எழுதுவதில்லை, கேட்டால்தான் தெரியும்.

"உன் பிறந்தநாள் என்னைக்கும்மா?"

"மார்ச் ஒன்பது."

ஹார்மன் தரையைப் பார்த்தான்.

"பாய்லரா?" என்றேன்.

அவன் தலையாட்டினான். கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை. பையிலிருந்து போனை எடுத்து கிரீத்தைக் கூப்பிட்டேன்.

"கிரீத், புறாவுக்குத் தீனி போட எங்க வீட்டுலதான இருக்க? பேனா எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போ. மார்ச் ஒன்பதுல பாய்லர்னு இருக்கும் பாரு. அத அடிச்சிட்டு யோலாண்டான்னு எழுது."

"எழுதறேன். ஆமா, அது யாருடி யோலாண்டா?"

கிரீத்திடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நான் போனை ஹார்மனிடம் நீட்டினேன்.

"நீயே சொல்லு."