தபசுகாலப் பரீட்சை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், அஸ்தம்பட்டியில் ஞானமேரி ஓர் இலவச இசைப்பள்ளி நடத்தினாள். கல்யாணக் கச்சேரிக்காரர்களுக்கு வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் பள்ளி ஓடியது. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் மாதா கோயிலில் கல்யாணமே நடக்காது; வாத்தியங்கள் வீட்டிலேயே இருக்கும் என்று பரீட்சையை அந்தக் காலம் வரும் பங்குனியில் வைத்தாள். அன்று காலை பார்த்தால் அலமாரி காலி.

"ஏனுங்க, வாத்தியமெல்லாம் எங்க?" கணவன் தோமினிக்கிடம் கத்தினாள்.

"மோகனூர்ல மணியன் ஊட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்குது. இந்துக் கல்யாணத்துக்கு ஏது தபசுகாலம்?"

ஞானமேரி வாசலுக்கும் அலமாரிக்குமாக நடந்தாள். பரீட்சைக்கு வந்திருந்த பிள்ளைகள் வெறுங்கையோடு அவளையே பார்த்தார்கள்.

"வாடகைக்கு விடலைன்னா பள்ளிக்கூடத்தையே மூடணும்" என்றான் தோமினிக்.

"மூட வேண்டாம், பூட்டுங்க" என்று சாவியை அவனிடம் வீசினாள். "பிள்ளைங்களா, மோகனூர் பஸ்ஸுக்குக் கிளம்புங்க. இனிமே வாத்தியம் போற இடத்துக்குத்தான் பள்ளிக்கூடமும் போகும்."