ஏழாம் வாரத்தில் நிற்காத மெழுகு

கருவனத்து மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஹோல்ட்ஸ்பாக் ஊரில், 1886ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஏழு வாரக் கருவின் மெழுகு உருவம் ஒன்று மேசைமேல் இருந்தபடியே எட்டாம் வாரத்துக்குள் நுழைந்தது. அந்த வாரம் சந்தையில் வெண்ணெய் விலை ஏறியிருந்ததால் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பேசியவர் பேராசிரியர் ஹெர்போல்ட் ஒருவர்தான். அவர் பழைய மர அறுவை ஆலையை வாங்கி ஆராய்ச்சிக்கூடமாக்கி, பன்னிரண்டு வருடமாக ஒரே வேலையாக இருந்தார். கரு எப்படி வளர்கிறது என்ற சண்டைக்கு அப்போதே வயது இருநூறுக்கு மேல். முழு உருவமும் கடுகளவாக உள்ளேயே குந்தியிருக்கிறது, பெரிதாக வேண்டியதுதான் பாக்கி என்றது ஒரு கூட்டம். இல்லை, ஒன்றுமில்லாத குழம்பிலிருந்து ஒவ்வொன்றாக உண்டாகிறது என்றது மற்றொரு கூட்டம். முதல் கூட்டம் வாயால் வாதாடியது. இரண்டாவது கூட்டம் அடைகாத்த முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்து வென்றது, கோழிகளுக்குத்தான் நஷ்டம். ஹெர்போல்ட் வென்ற கூட்டத்துக்காரர். மனிதக் கருவின் வளர்ச்சியை இருபத்தைந்து படிகளாக நிறுத்தி, உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போட வேண்டும் என்பது அவர் ஆசை. இருபத்துநான்கு படிகள் முடிந்துவிட்டன. ஏழாம் வாரம் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

மெழுகு உருவங்களைச் செய்தவள் அப்பொலோனியா ரீஸ்லர். ஊரார் லோனி என்பார்கள். கடிகார முகப்புக்குப் பூ வரையும் அல்பானின் மனைவி. பேராசிரியர் கருவைச் சாராயத்தில் இறுக்கி, மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிவைப்பார். ஒவ்வொரு சீவலையும் இருபத்தைந்து மடங்கு பெரிதாக வரைந்து தருவார். லோனி அதே அளவில் மெழுகுத் தகடுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான இரும்பால் ஓரங்களை இழைத்துவிடுவாள். சுண்டைக்காய் அளவு கரு ஒன்றரைச் சாண் உருவமாக எழுந்து உட்காரும். மற்ற எல்லாம் உட்கார்ந்தன. இது மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே வயது ஏறியது. அளவு மாறவில்லை. வால் குறுகியது, விரல்கள் பிரிந்தன.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நான் கேட்டது ஏழு வாரம். இதுக்கு விரல் பிரிஞ்சிருக்கு!"

"நான் ஏழுதாங்க ஐயா பண்ணேன். அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு."

"மெழுகு எங்கம்மா போகும்?"

 லோனி தினமும் காலையில் சூடான கத்தியை எடுத்து முந்தைய நாளின் வளர்ச்சியைச் சீவி எறிவாள். விரல்களுக்கிடையே மெழுகு பூசி மறுபடி துடுப்பாக்குவாள், வாலை நீட்டுவாள். மறுநாள் காலை போட்ட வேலையெல்லாம் வீணாயிருக்கும். ஆறு வாரம் இப்படியே போனது. வார்ப்பெடுத்து வெளியூர் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்பிய பிரதிகளும் அடங்கவில்லை. தூரம் கூடக்கூட அவற்றின் வயதும் கூடியது. கப்பலேறிப் போனதற்கு நகம் முளைத்திருந்ததாக ஆங்கிலத்தில் திட்டிக் கடிதம் வந்தது. பேராசிரியருக்கு ஆத்திரத்தில் சாப்பாடு இறங்கவில்லை. லோனிக்குக் கைவிரல்கள் கொப்பளித்துப் போயின.

"கோஸ் வளரக் கூடாதுன்னு தோட்டத்துல காவல் நிக்கிற ஆளுங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்றான் அல்பான், அவள் விரல்களுக்கு வெண்ணெய் தடவியபடி. விலை ஏறிய வெண்ணெய்தான். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி பேராசிரியர், தவறு சீவல்களில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, கண்ணாடிச் சீவல்கள் இருந்த மூலப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும்படி லோனியிடம் சொன்னார். பெட்டி மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பொருள் எண் 44. பெறப்பட்டது 1885, முகமூடித் திருவிழாத் திங்கள், மாலை. தாய்க்கு வயது முப்பத்தொன்று, மெழுகு வேலை, இது மூன்றாவது இழப்பு. உபயம் டாக்டர் ஸ்டீக்லர். மாதிரியின் அளவு இருபத்தைந்து மடங்கு.

லோனி அதை இரண்டு தரம் படித்தாள். அந்தத் திங்களன்று ஜன்னலுக்கு வெளியே முகமூடிக்காரர்கள் மணிகளைக் குலுக்கிக்கொண்டு ஓடியது அவளுக்கு நினைவிருந்தது. வலி அதிகமா, மணிச்சத்தம் அதிகமா என்று தெரியாமல் அவள் கிடந்தாள். டாக்டர் துணியில் சுற்றி எடுத்துப்போனார். கல்லறைச் சுவரோரம் புதைக்கச் சொல்லிவிட்டேன் என்றார். ஒரு வருடமாக அவளும் அல்பானும் ஞாயிறுதோறும் அந்தச் சுவரோரம் தேவதாரு இலைக்கொத்து வைத்துவந்தார்கள். வெறும் மண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். தன் வயிற்றில் நிற்காமல் போனதைத்தான் ஆறு வாரமாகத் தன் கையாலேயே சீவியிருக்கிறாள். இதைக் கேட்ட பிறகும் டாக்டர் நல்லவர்தான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அவர்களோடு பேச்சில்லை.

"இதுல எல்லாம் எழுதியிருக்கு ஐயா. என் பேர் மட்டும் இல்ல."

பேராசிரியர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பேர் எதுக்கும்மா? பேரால வளர்ச்சி மாறிடுமா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

"மாறிடுச்சே."

கத்தியை மேசைமேல் வைத்தாள். அதன் பிறகு அதை எடுக்கவில்லை. உருவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தின் மூல மாதிரி எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி, விதியை எழுதியவரே அவர்தான், அதனால் முடியாது என்றார். ஆகவே தினமும் மதியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலுறையும் சிறு போர்வையும் பின்னினாள். பேராசிரியர் தாமே கத்தியெடுத்து மூன்று நாள் சீவிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் அது பழையபடி ஆனது. பிறகு பென்சிலை எடுத்தார். கோடை முழுக்க ஒவ்வொரு நாளும் வரைந்தார். ஒரே உடலின் வளர்ச்சியை இப்படி நாள்தவறாமல் பார்த்தவர் அதுவரை எவரும் இல்லை. படங்களை நான்கு அறிவியல் சபைகளுக்கு அனுப்பினார். மெழுகைப் பார்த்து வரைந்ததை அறிவியல் என்று எப்படி ஏற்பது என்று நான்கும் திருப்பி அனுப்பின. பன்னிரண்டு வருட உழைப்பு கிழக்கு மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அவர் அழுததை லோனி ஒருமுறை பார்த்தாள், பார்க்காததுபோல் பின்னலைத் தொடர்ந்தாள். இரக்கம் வந்தது, மன்னிக்க மட்டும் வரவில்லை.

நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் நாள். ஊரெல்லாம் வாத்து வறுபடும் வாசனை. நாற்பதாம் வாரம் முடிந்திருந்தது. பழக்கம் விடாமல் பேராசிரியர் கவராயத்தை எடுத்து உச்சியிலிருந்து இடுப்பின் அடிவரை அளந்தார். அதே ஒன்றரைச் சாண். நிறைமாதக் குழந்தைக்கும் அதே ஒன்றரைச் சாண். மறுபடி அளந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெட்டி மூடிச் சீட்டில் இருந்த இருபத்தைந்து மடங்கு என்பதை அடித்து ஒரு மடங்கு என்று எழுதினார்.

"ஒரு மடங்குன்னா அத மாதிரின்னு சொல்ல முடியாதும்மா. மாதிரி இல்லாதத இங்க வெச்சுக்க எனக்கு உரிமை இல்ல. எடுத்துட்டுப் போ."

லோனி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, சீட்டில் தன் பெயரை முழுதாக எழுதினாள். அதன் கீழே ஒடிலியா என்று எழுதினாள். பின்னியதையெல்லாம் சுற்றி, குளிரில் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

பங்குத் தந்தை கொஞ்சம் தயங்கினார். ஞானஸ்நானத் தண்ணீர் மெழுகில் ஒட்டாதே என்றார். ஒட்டவில்லை, உருண்டு ஓடியது. "முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான் ஓடுது, சாமி" என்றான் அல்பான். பதிவேட்டில் அந்த வருடப் பிறப்புகள் நாற்பத்தொன்று, ஒடிலியாவையும் சேர்த்து. ஆறு வயதில் அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியை அவளை, வகுப்பைச் சூடாக்கும் அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் உட்காரவைத்தார்.