நாக்கடியில் பத்து நிமிடம்

வீட்டுத் தரகருக்கு வாய்தான் மூலதனம். ஜன்னல் கதவு உடைந்திருந்தால் ‘நல்ல காற்றோட்டம்’ என்பார். ரயில் பாதையை ஒட்டிய வீடென்றால் ‘போக்குவரத்து வசதி’ என்பார். அப்படிப்பட்ட மனிதரை ஒரு பொட்டு மாத்திரை தினமும் காலையில் பத்து நிமிடம் வாயடைத்து உட்கார வைக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவியே நம்பவில்லை.

அது நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. தானாகக் கரைய வேண்டும். அதுவரை பேசக்கூடாது, எச்சிலை விழுங்கக்கூடாது. விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். அன்றைக்கு இரண்டாவது மாத்திரை கிடையாது. சில மாதம் ஒழுங்காக வந்து காட்டும்வரை வீட்டுக்கும் கொடுத்தனுப்ப மாட்டார்கள். சுகாதார நிலையத்தில் இதற்கென்று தனி அறை இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில், சுவரில் சிரிக்கும் யானைக்குட்டிப் படத்துக்குக் கீழே நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அதில் ஆடுகிற கால் உள்ளது தரகருடையது.

வந்த புதிதில் ஒரு நாள், வாயில் மாத்திரையோடு போனை எடுத்து, “ரெண்டு பெட்ரூம், தண்ணிக் கஷ்டமே இல்ல” என்று சொல்லி முடிப்பதற்குள் மாத்திரை உள்ளே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மூக்கு ஒழுகி, எலும்புக்குள் எறும்பு ஊர்ந்து, போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். அந்த வீடும் வாடகைக்குப் போகவில்லை.

எல்லாம் ஒரு கால் முறிவில் தொடங்கியது. ஸ்கூட்டர் சறுக்கியதற்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். கால் கூடிவிட்டது, மாத்திரை விடவில்லை. இரண்டு நான்காகி, நான்கு கைப்பிடியானது. ஊரிலிருக்கும் காலி வீடுகளின் சாவியெல்லாம் அவர் பையில் இருந்தன. ஒளிந்துகொள்ள வேறென்ன வேண்டும்? ஒரு நாள் மதியம் யாரும் குடிவராத ஒரு வீட்டின் சமையல் மேடையில் தலையைச் சாய்த்தார். கண் விழித்தபோது வெளிச்சம் போயிருந்தது. மூன்றரை மணிக்கே பள்ளியிலிருந்து கூட்டி வந்திருக்க வேண்டிய ஏழு வயது மகள் அதுவரை பள்ளி கேட் அருகிலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் மனைவி மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதமாகிறது. அதற்குப் பிறகுதான் அவர் சுகாதார நிலையத்துக்குப் போய், பழக்கத்தை விடவைக்கும் இந்த நாக்கடி மாத்திரைக்குச் சேர்ந்தார். ‘அண்ணன் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடுத்த பேச்சு’ என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

அந்த அண்ணன் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர். ரம்பச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவதென்றால் என்னவென்றே மறந்துபோனவர். சுகாதார நிலையத்துக்கே ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தரகர் மூன்று நாளாக ஒரு பேச்சைத் தயாரித்தார். கொஞ்சம் உருக்கம், நடுவில் ஒரு சிரிப்பு, முடிவில் சத்தியம். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததில் அவருக்கே கண் கலங்கியது. அப்படியொரு சரக்கு.

மச்சான் எட்டரைக்கே வந்து நின்றார். சிஸ்டர் அப்போதுதான் மாத்திரையை வைத்துவிட்டு அலாரத்தை அழுத்தியிருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, வாங்கன்னுகூடச் சொல்ல மாட்டீங்களா?”

தரகர் வாயைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார், பதற்றத்தில் யானைக்குட்டியையும் காட்டினார்.

“அவரால பேச முடியாதுங்க,” என்றார் சிஸ்டர். “பத்து நிமிஷம். வாயில மருந்து இருக்கு. பேசினா வீணாயிடும்.”

“பேசவே மாட்டாரா?”

“மாட்டாரு.”

“இவரு?”

“இவருதான்.”

மச்சான் ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. “பதினோரு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்.”

ஆரம்பித்தார். “கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு கேட்டா தூசின்னீங்க. கை ஏன் நடுங்குதுன்னு கேட்டா காபின்னீங்க. நானும் நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இப்போ அந்த மாத்திரைக்குப் பதிலா இந்த மாத்திரை. இதுல என்ன கிழிச்சீங்க?”

அதற்குத் தரகரிடம் அருமையான பதில் இருந்தது. பேச்சின் இரண்டாம் பகுதி. சிஸ்டர்தான் முந்திக்கொண்டார். “அது ஆளைத் தூக்கிப் போட்டு அடிக்கும். இது நிலையா நிக்க வைக்கும். வேலைக்குப் போறாரு, சாப்பிடறாரு, தூங்கறாரு.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாது. வருஷக்கணக்கா கூட ஆகலாம்.”

“நானுந்தான் சர்க்கரைக்கு மாத்திரை போடறேன். எனக்கு யாராவது இப்படிக் காவல் உட்கார்றாங்களா?”

“கடைசியாப் பார்த்தப்ப சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு?”

மச்சான் மறுபடி மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் சற்று இறங்கியிருந்தது.

“பாப்பா என்ன செய்யுது தெரியுமா? பள்ளிக்கூடத்துல மணி அடிச்சதும் முதல் ஆளா ஓடிவந்து கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கும். நான் மூணு மணிக்கே போய் நிக்கிறேன். என்னைப் பார்த்த பிறகும் கம்பியை விடாது. ஒவ்வொரு விரலா நான்தான் எடுத்து விடணும். அப்படிப் பண்ணிவச்சிருக்கே நீ.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது.

தரகரின் வாய் முழுக்கக் கசந்த எச்சில். அன்றைக்கு நடந்ததற்கு விளக்கம் ஒன்று தொண்டை வரை வந்து முட்டியது. கால் வலி, முந்தின நாள் தூக்கமின்மை, போனில் சார்ஜ் இல்லாதது. எல்லாமே உண்மை. எல்லாமே காற்றோட்டம். வாய் சும்மா இருந்ததால், தான் சொல்லப்போவதைத் தானே ஒருமுறை கேட்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட வீட்டைத் தானே வாங்க மாட்டோம் என்று தோன்றியது. உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணிலிருந்து வந்ததை யாரும் தடை செய்யவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் மச்சானிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. எதிராளி திருப்பிப் பேசினால்தானே சண்டை வளரும்? இரண்டு ஆண்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை ஊசிக்கு வீறிட்டு அழுது அடங்கியது. மச்சான் சட்டைப் பையிலிருந்து மரத்தூள் ஒட்டிய கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

அலாரம் அடித்தது. சிஸ்டர் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். “சரி, பேசலாம்.”

தரகர் தொண்டையைச் செருமினார். மூன்று நாள் தயாரிப்பில் ஒரு வரிகூட வரவில்லை.

“எந்த கேட்டு மச்சான்? பெரிய கேட்டா, பக்கத்துல இருக்கிற சின்னதா?”

“சின்னது.”

“அங்கதான் நிக்கச் சொல்லியிருந்தேன்.”

மச்சான் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நான் சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நாளைக்குத் தங்கச்சியைக் கூட்டிட்டு வர்றேன். என்னைவிட அவகிட்ட சொல்ல நிறைய இருக்கு.”

மறுநாள் எட்டரைக்கு மனைவி வந்தாள். இளைத்திருந்தாள். சிஸ்டர் மாத்திரையை வைத்து அலாரத்தை அழுத்தும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்களால பதில் பேச முடியாதுன்னு அண்ணன் சொன்னான். அதனாலதான் வந்தேன்,” என்றாள். “எதைச் சொன்னாலும் பாதியிலேயே சிரிக்க வச்சிடுவீங்க. அப்புறம் எனக்கு மீதி மறந்துபோயிடும்.”

மீதியைச் சொல்ல ஆரம்பித்தாள். மரத்தூளும் கூச்சலுமான வீட்டில் ஒண்டியிருப்பதை. அன்று மாலை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது, அவர் எங்காவது செத்துக் கிடக்கிறாரோ என்று நினைத்ததை. செத்திருந்தால்கூடக் கோபப்படாமல் அழுதிருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்ததை. அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அலாரம் அடித்தது. சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கடியில் ஒன்றும் இல்லை. “சரி, பேசலாம்.”

மனைவி பேச்சை நிறுத்தி, கைப்பையை எடுத்தாள்.

தரகர் சிஸ்டரைப் பார்த்தார். கையைச் சற்றே உயர்த்தி, அவள் இன்னும் முடிக்கவில்லை என்பதுபோல் மனைவி பக்கம் காட்டினார். பிறகு வாயை மூடிக்கொண்டு, ஆடுகிற நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.