உள்ளங்கையும் நாக்கும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு தூண்டில் ஈயம்.

பிரான்சின் மேற்குக் கடற்கரையில், மரேன் சதுப்பில் சிப்பி தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். பக்கத்து மேசை ஓதெத்துடையது. அறுபது வயது, பரம்பரைச் சீர்திருத்தச் சபைக்காரி (புராட்டஸ்டண்ட்), வாய் கொஞ்சம் நீளம். போன மார்ச்சில் ஒரு நாள் புருஷனின் தூண்டில் பெட்டியிலிருந்து ஒரு ஈய வில்லையை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். நடுவில் துளை. ஒரு பக்கம் கொம்பு ஊதும் மேய்ப்பன், மறுபக்கம் திறந்த புத்தகம்.

"தோட்டத்துல கிடைச்சுதாம். அந்த அறிவாளி இதுல துளை போட்டு, தூண்டில்ல கட்டி, பத்து வருஷமா மீன் பிடிச்சிருக்கான்" என்றாள். "ஒரு காலத்துல இது இல்லாம எங்க ஆளுங்க யாரும் இராப்போஜன அப்பம் வாங்கப் போக முடியாது. சபை மூப்பர் முன்னாடியே வீடு வீடா வந்து குடுப்பாரு. எவனுக்குக் குடுக்கலையோ, அவன் ஏதோ தப்பு பண்ணியிருக்கான்னு ஊருக்கே தெரிஞ்சுடும்."

அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். தொடங்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது சில சமயம் தோன்றுகிறது.

2

கிழித்துப் போட்ட தொடக்கங்கள்:

"1685இல் அரசர் ஒரே கையெழுத்தில் சீர்திருத்தச் சபையை —" (வேண்டாம். அரசரை முதல் வரியில் உட்கார வைத்தால் அப்புறம் எழுந்திருக்கமாட்டார்.)

"கடல் அன்று ரத்தச் சிவப்பாக —" (பொய். இங்கே கடல் என்றைக்கும் சேற்று நிறம்தான்.)

கிழிக்காமல் விட்டது: அபேலுக்குக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அபேல் உப்பளக்காரன். அவன் மனைவி யூதித். மகள் ராஷேலுக்கு ஏழு வயது. வருஷம் 1686, செப்டம்பர், உப்பு வாரி முடிக்கும் சமயம். அதற்கு முந்தைய ஆண்டு குதிரைப்படைச் சிப்பாய்கள் ஆறு பேரை அவன் வீட்டில் கொண்டுவந்து தங்க வைத்தார்கள். குடும்பம் அரசரின் கத்தோலிக்க மதத்துக்கு மாறும்வரை அவர்கள் போகமாட்டார்கள். கட்டிலைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி முரசடித்தார்கள். நாலு நாள் அபேல் தூங்கவில்லை. அவன் காது அப்போது மந்தமானதுதான். ஐந்தாம் நாள் ஒருவன் ராஷேலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். அபேல் கையெழுத்துப் போட்டான்.

(அந்தச் சிரிப்பை நான் விரித்து எழுதவில்லை. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அடித்துவிட்டேன்.)

3

இப்போது சட்டம். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இது இல்லாமல் கதை நகராது. மாறியவன் சாகும்போது பாதிரியாரின் நற்கருணையை மறுத்தால், பிழைத்தவனைத் துடுப்பு வலிக்கும் கைதியாகக் கப்பலுக்கு அனுப்புவார்கள். செத்தவனை மரத் தட்டியில் முகம் கீழே இருக்கக் கட்டி, ஊரெல்லாம் குதிரையால் இழுத்து, குப்பைக் குழியில் போடுவார்கள். வீடும் உப்பளமும் பறிபோகும்.

"சாமியாரைக் கூப்பிட்டு விடட்டுமா?" யூதித் அவன் காதருகே கத்தினாள்.

"எதுக்கு, உப்பு வாரவா? அந்த உடம்பு குனியாதே."

"விளையாடாதீங்க. தட்டியில வெச்சு இழுப்பாங்க. முகமே இருக்காது."

"செத்தவனுக்கு முகம் எதுக்கு?"

"ராஷேல் அதைப் பாப்பாளே. பாத்த மறுநாள் அவளைக் கன்னிமாடத்துல அடைப்பாங்க. நாந்தான் இருப்பேன் இதையெல்லாம் பாக்க. நீங்க சௌகரியமா போயிடுவீங்க."

அபேல் கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு சொன்னான்: "கைதான் போட்டுச்சு, யூதித். வாய் இன்னும் போடல. வாயை மட்டும் விட்டுடு."

ஒரு வருஷமாக அவன் பூசைக்குப் போயிருக்கிறான், மண்டியிட்டிருக்கிறான். நற்கருணை வாங்க நாக்கை மட்டும் நீட்டியதில்லை. ஒவ்வொரு முறையும் இருமல் வந்துவிடும். அவனிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

4

யூதித்தின் திட்டத்தை நான்தான் போட்டேன், பெருமையாகவும் இருந்தது. அவனுக்குக் கண் மங்கிவிட்டது, காது ஏற்கெனவே மந்தம். "ஜெர்சித் தீவுலேர்ந்து படகுல நம்ம போதகர் ஒளிஞ்சு வந்திருக்காரு, இராப்போஜனம் குடுப்பாரு" என்று அவள் சொல்வாள். ஒளித்து வைத்திருந்த ஈய வில்லையை அவன் உள்ளங்கையில் வைப்பாள். வில்லையைத் தொட்டதும் நம்பிவிடுவான். பாதிரியாரிடம், "தலைவலி சாமி, மணி அடிக்க வேண்டாம், மெதுவா ஜெபம் பண்ணுங்க" என்பாள். அபேல் சமாதானமாகச் சாவான். வீடு மிஞ்சும், பிள்ளை மிஞ்சும், உடம்பு மிஞ்சும்.

இது துரோகமா என்று நீங்கள் கேட்கலாம். துரோகம்தான். அவன் இதைத் தவிர வேறு எதையுமே கேட்கவில்லை.

எழுதியதை ஓதெத்திடம் படித்துக் காட்டினேன். 'அபேல் வில்லையை இறுகப் பிடித்தபடி வாயைத் திறந்தான்' என்ற இடத்தில் சிப்பிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மண்டு."

"ஏன்?"

"எங்க ஆளு எதுக்குடா வாயைத் திறக்கறான்? நாங்க வில்லையைக் குடுத்துட்டு அப்பத்தைக் கையில வாங்குவோம். வாய்ல ஊட்டறது உங்க கூட்டம்."

உண்மை. நான் காரைக்காலில் கத்தோலிக்கப் பூசையில் நாக்கு நீட்டி வளர்ந்தவன்.* என் உடம்பின் பழக்கத்தை அபேலுக்கு மாட்டிவிட்டேன்.

* அப்பத்தில் பல் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெறும் வயிறு, வறண்ட வாய். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் கரையாது.

திருத்தப் போனேன், கை வரவில்லை. அந்தத் தப்பு யூதித்துடையதாகவே இருக்கட்டும் என்று தோன்றியது. அவளும் சபைக்காரிதானே, மறப்பாளா? மறப்பாள் என்றே நினைக்கிறேன். ஒன்பது நாள் தூங்காதவள். வில்லையைத் தொட்டால் அவன் நம்புவான் என்பது வரைக்கும் யோசித்தாள். நம்பினால் அவன் கை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

5

போதகர் பொய்யை யூதித் காலையிலேயே அபேல் காதில் சொல்லி முடித்திருந்தாள். பாதிரியார் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். கூடவே பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை பிலிபேர். எந்த வீட்டில் யார் சபைக்காரர் என்று சிப்பாய்களுக்குக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"என்னம்மா, மனசு இளகிட்டானா?"

"இளகிட்டாரு சாமி."

"நல்லா பாத்துக்குங்க சாமி" என்றான் பிலிபேர். "இவங்க இளகறதெல்லாம் நாம வாசல் தாண்டற வரைக்கும்தான்."

பாதிரியார் தாழ்ந்த குரலில் லத்தீனில் ஜெபித்தார். அபேல் காதில் எதுவும் ஏறவில்லை. யூதித் வில்லையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல் மேய்ப்பனைத் தடவியது, புத்தகத்தைத் தடவியது. அவன் அழுதான். அப்புறம் கையை நீட்டி வில்லையைப் பாதிரியாரிடம் கொடுத்தான். கொடுத்த கையை மடக்காமல் அப்படியே விரித்து வைத்திருந்தான்.

பாதிரியார் வில்லையைப் பார்த்தார். யூதித்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

(இங்கே அவரைக் கொடியவனாக ஒரு முறையும் மகானாக ஒரு முறையும் எழுதினேன். இரண்டுமே எனக்கு வசதியாக இருந்ததால் எடுத்துவிட்டேன். களைத்துப்போன மனிதர். அந்த மாதம் ஏற்கெனவே ஒரு தட்டியின் பின்னால் நடந்திருந்தார்.)

"அது என்ன சாமி, அவன் குடுத்தது?" பிலிபேர் எட்டிப் பார்த்தான்.

"தூண்டில் ஈயம்" என்றார் பாதிரியார். அங்கிக்குள் போட்டுக்கொண்டார். "வாயைத் திறக்கச் சொல்லும்மா."

யூதித் அந்த விரித்த கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். மறுகையால், கஷாயம் புகட்டுவதைப் போல, தாடையின் இரண்டு பக்கமும் அமுக்கினாள். வாய் திறந்தது. அப்பம் நாக்கில் விழுந்தது.

இராப்போஜன அப்பம் கனமானது, மென்று தின்ன வேண்டும். இது இலை மாதிரி மெல்லியது. அபேலின் கண்கள் அவளைத் தேடித் திரும்பின. அவன் அவளைப் பார்த்தான். அதன்பின் வாயை மூடிக்கொண்டான்.

"முழுங்கினானா?" பிலிபேர் கேட்டான்.

"வாங்கிக்கிட்டான்" என்றார் பாதிரியார். "போலாம்."

6

வீடு மிஞ்சியது. ராஷேல் மிஞ்சினாள். தட்டி வரவில்லை. இவற்றை மாற்ற மாட்டேன், யார் கேட்டாலும்.

அபேல் இன்னும் மூன்று மணி நேரம் உயிரோடு இருந்தான். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று தலையை அசைத்தான். "என்னைத் திட்டுங்க, ஏதாவது பேசுங்க" என்று அவள் கத்தினாள். பேசவில்லை. மகள் வந்து கன்னத்தில் முத்தமிட்டபோதும் உதடு பிரியவில்லை. சூரியன் இறங்கும் முன்னே இறந்தான்.

முடிவு (அ): அந்த அப்பம் வாய்க்குள் அப்படியே ஒட்டியிருக்கிறது. யார் கொடுத்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்காகவும் பிள்ளைக்காகவும் துப்பவில்லை, தனக்காக விழுங்கவில்லை. தாகத்தோடு செத்தான்.

முடிவு (ஆ): வாயில் எதுவும் இல்லை. விழுங்கிவிட்டான். மன்னித்து விழுங்கினானா, வெறுத்து விழுங்கினானா, கடைசிவரை போதகர் கொடுத்ததென்றே நம்பினானா என்று யாருக்கும் தெரியாது.

ஓதெத் கேட்டாள்: "அவ வாய்க்குள்ள பாத்தாளா இல்லையா?"

"தெரியல."

"நீதானேடா எழுதற."

"ஆமா."

அவள் சிப்பிகளைத் தள்ளிப் போடத் தொடங்கினாள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: தாடை தொங்கிப்போகாமல் கட்டுவதற்கு யூதித் ஒரு துணியைக் கிழித்துக்கொண்டு கட்டிலருகே வந்திருக்கிறாள். கட்டுவதற்கு முன் ஒரு விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுத என்னால் முடியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் அவளைப் பார்க்க வைக்கலாம், அப்படியே கட்ட வைக்கலாம். எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள், தாடை விறைக்கத் தொடங்கிவிட்டது.